குவைத்தில் விவாதிக்கப்பட்ட கர்ப்பப்பை

நாற்பத்தாறு வயதில் என் கர்ப்பப்பை ஊர்ச்சொத்து ஆகிவிட்டது. அதை வைத்துக்கொள்வதா, எடுத்துப்போடுவதா என்று நகரி கடைத்தெருவில் பேசினார்கள். விஜயபுரத்தில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டே சொந்தக்காரர்கள் பேசினார்கள். குவைத்தில் ஒரு அறையில் ஆறு ஆண்கள் கறிக்குழம்பு வைத்துக்கொண்டே பேசினார்கள். அது யார் வயிற்றுக்குள் இருந்ததோ அவளிடம் மட்டும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் என் தொழில். நான் நகரியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். தறியை விட்டவர்கள் பெங்களூருக்கும், நிலம் இல்லாதவர்கள் சென்னைக் கட்டட வேலைக்கும், பாஸ்போர்ட் எடுக்க முடிந்தவர்கள் குவைத்துக்கும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன மனைவிகள் எல்லாரும் என் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து அழுதார்கள், சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது என்று கூண்டை விற்றவன் சொல்லியிருந்தான். கதவைச் சாத்தினவர்கள் அந்தத் தைரியத்தில் இன்னும் கத்திப் பேசினார்கள். வெளியே பெஞ்சில் முறைக்காகக் காத்திருப்பவர்களுக்கு டிவி சீரியல் தேவைப்படவில்லை.

என் வீட்டுக்காரரும் குவைத்தில்தான் டிரைவராக இருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்றைக்குக் கூப்பிடுவார். ஊர்க் கதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும், என் கதை வந்தபோது அதே கூண்டுக்குள்தான் நின்று பேச வேண்டியிருந்தது.

கதை இதுதான். ஒரு வருடமாக எனக்கு மாதவிடாய் சத்தியவேடு பஸ் மாதிரி ஆகிவிட்டிருந்தது. வராவிட்டால் வரவே வராது, வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு மாதம் காணாமல் போய், பிறகு மூன்று வாரம் நிற்காமல் போகும். பூத்தில் ஸ்டூலைவிட்டு எழுந்தால் தலை சுற்றியது. கடைக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா வெளுத்துப்போய் கீற" என்றார்கள். நிற்கப்போகிற காலத்தில் இப்படித்தான் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, எல்லாரும் ஒரே வைத்தியத்தையும் சொன்னார்கள்: எடுத்துப்போடு.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் கர்ப்பப்பை எடுப்பது கேஸ் கனெக்‌ஷன் வாங்குவது மாதிரி பரவியது. ஒரு வீட்டில் எடுத்தால் பக்கத்து வீட்டிலும் எடுத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்காரிகள்கூட வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் அக்காவும் அப்படி எடுத்தவள்தான்.

அக்கா எனக்கு அக்கா மட்டுமல்ல, ஓரகத்தியும் கூட. எங்கள் நைனா ஒரே கல்யாணச் செலவில் முடித்துவிடலாம் என்று இரண்டு பெண்களையும் அண்ணன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். பெரியவனுக்கு அவள், சின்னவனுக்கு நான். எனக்கு இப்போது வந்ததுபோலவே அவளுக்கும் முப்பத்தெட்டு வயதில் விட்டுவிட்டுப் போனது. சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனாள். கர்ப்பப்பையையும் அதோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் மார்கழியில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் போனது, முதுகு போனது, ராத்திரித் தூக்கம் போனது. நாற்பது வயதில் மாடிப்படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எனக்கு என் உதிரப்போக்கைவிட அவள் நடை பயமாக இருந்தது.

ஆனால் அவள் சொல்வதோ நேர்மாறாக இருந்தது. "எடுத்துட்டா நிம்மதிடி. தூரம் கெடையாது, தீட்டு கெடையாது. எந்த சாமிக்கு வேணா எப்ப வேணா போலாம்."

"நீ எங்க போற? அலிபிரியிலயே குந்திக்கினு கீற" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலிபிரி விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மாமனார் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவது பெரிய சம்பிரதாயம். அரிசி இடித்து, வெல்லம் சேர்த்து, மாவிளக்கு பிடித்து ஏற்ற வேண்டியது வீட்டு மருமகள். அடுத்த வாரம் திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏற வேண்டியதும் அவள்தான். ஆண்களுக்கு இதில் இருக்கும் வேலை கோவிந்தா போடுவது. அக்காவால் கீழே உட்கார்ந்து உலக்கை பிடிக்க முடியாமல் போன பிறகு எல்லாம் என் தலையில் விழுந்தது.

சம்பிரதாயம் வருடம் தவறாது. பெண்ணின் உடம்பு அப்படி நாள் பார்த்து நடந்துகொள்ளுமா? அதற்குத்தான் மாத்திரை இருந்தது. தள்ளிப்போடுகிற மாத்திரை. புரட்டாசி பிறந்தால் மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். கங்கம்மா ஜாத்திரைக்கு ஒரு அட்டை, கிரகப்பிரவேசத்துக்கு ஒரு அட்டை, யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது முகூர்த்தக்கால் நட ஒரு அட்டை. வீட்டில் பெரியவர்களே நினைவுபடுத்துவார்கள். கற்பூரம் வாங்கியாச்சா, மஞ்சள் வாங்கியாச்சா, மாத்திரை வாங்கியாச்சா? கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். சாமிகளின் வசதிக்காக என் வயிறு எத்தனை முறை தேதி மாற்றிக்கொண்டது என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.

போன வருடம் மாத்திரை கைவிட்டது. அலிபிரியில் அக்காவை உட்காரவைத்துவிட்டு ஏறத் தொடங்கினேன். வழியில் வரும் காலி கோபுரம் தாண்டுவதற்குள் வந்துவிட்டது. கையில் மஞ்சள் கிண்ணம், முன்னால் மச்சாண்டார், அதாவது அக்கா வீட்டுக்காரர், பின்னால் ஊர்ப்பட்ட ஜனம். இறங்கினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டு மேலே வரை மஞ்சள் வைத்துக்கொண்டே போனேன். தரிசனம் நல்லபடியாக ஆனது. பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. சன்னதியில் நின்ற கோயில் ஆள் எப்போதும் போல "ஜருகண்டி", நகரு என்று தள்ளிவிட்டார், அவ்வளவுதான். கீழே வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு லட்டு எங்கே என்று கேட்டாள்.

இந்த வருடம் போக்கு அதிகமானதும் அக்காதான் என்னைத் தன் நர்சிங் ஹோமுக்கு இட்டுக்கொண்டு போனாள். டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "உள்பூச்சு தடிச்சிருக்கு. வயசாச்சு, பிள்ளைங்க ஆச்சு, இனிமே எதுக்கும்மா அந்தப் பை? வச்சிருந்தா நாளைக்குக் கேன்சராகும்" என்றார். அவர் அதோடு நிற்காமல், புரட்டாசி முடிந்ததும் வந்து சேர்ந்துவிடு, அதுவரை பண்டிகைக் கூட்டம், பெட் கிடைக்காது என்றார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. கூண்டுக்கு வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது.

"எடுக்கணும்னு சொல்றாங்க" என்றேன்.

"எடுத்துடு" என்றார் அவர்.

"எனுக்குப் பயமா கீது. அக்காவப் பாத்தீங்க இல்ல?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கசமுசா என்று பேச்சுக் கேட்டது. பிறகு அவர், "ரூம்ல எல்லாரும் எடுத்துடத்தான் சொல்றாங்க" என்றார்.

ஆறு டிரைவர்கள். அதில் ஒருவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கோபத்தில் போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபத்தில்தான் திருப்பதி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா வேண்டாம் என்று முனகிக்கொண்டே கூட வந்தாள். நான் எங்கே போனாலும் அவள் வருவாள், அது சின்ன வயதிலிருந்தே அப்படி. அங்கிருந்த டாக்டர் அம்மா ரிட்டயர் ஆகும் வயதில் இருந்தார். பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுவார், இரண்டு பாஷையிலும் திட்டுவார். எடுத்த எடுப்பிலேயே கத்தி வேண்டாம், முதலில் உள்ளே இருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

"ஏமி மாத்ரலு வேசுகுண்டுன்னாவு?" என்று கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அர்த்தம்.

"ஏமீ லேதம்மா" என்றேன். ஒன்றுமில்லை.

நான் பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றால் காய்ச்சலுக்குப் போடுவது, சுகருக்குப் போடுவது. புரட்டாசி சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. தள்ளிப்போடுகிறதை இரண்டு வாரமாக வேளைக்கு வேளை விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன், அன்று காலை காபியோடும் விழுங்கியிருந்தேன். ஆனால் அது எங்கள் வீட்டில் சாமி ஷெல்பில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. பூஜைச் சாமானை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் அது தோன்றவில்லை.

சுரண்டினார்கள். வலித்தது. சனிக்கிழமை தளிகை நன்றாக நடந்தது, மாவிளக்கு அணையாமல் எரிந்தது. அடுத்த வாரம் முடிவு கேட்கப் போனோம்.

டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "மீ ஆயன எக்கட உன்னாரு?" என்றார். உன் வீட்டுக்காரர் எங்கே?

"குவைத்தும்மா."

"எப்ப கடைசியா வந்தாரு?"

"ரெண்டு வருஷம் ஆச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீவு கடுபுதோ உன்னாவா?"

கர்ப்பமாக இருக்கிறாயா என்று கேட்கிறார். அறையில் நர்ஸ் இருந்தாள், அடுத்த பேஷண்ட் இருந்தாள், அவளுடைய மாமியார் இருந்தாள். அக்கா மேஜைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள்.

"எவன்டி அவன்?" என்று காதில் கேட்டாள். அவள் குரலில் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது.

நான் வெங்கடேசப் பெருமாள் மேல் சத்தியம் செய்தேன். டாக்டர் அம்மாவுக்குச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை, மூத்திரம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். கர்ப்பம் இல்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் கர்ப்பவதிக்கு மாறுவது மாதிரி உன் உள்பூச்சு எப்படி மாறியது, ஹார்மோன் ஏதோ உள்ளே போயிருக்கிறது, நிஜத்தைச் சொல் என்றார். அப்போது அக்கா மெதுவாக வாயைத் திறந்தாள்.

"அந்தப் புரட்டாசி மாத்திரையா இருக்குமோ?"

"புரட்டாசி மாத்திரையா? அது இன்னாது?"

அக்காவே எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள், தினம் எத்தனை என்று அவள் சொல்லச் சொல்ல டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மாத்திரை ஒண்ணும் இல்லன்னியே?"

"அது சாமிக்கும்மா" என்றேன்.

"சாமிக்குன்னு முழுங்கினா சாமி வயித்துக்கா போகும்?"

நர்ஸ் சிரித்தாள். அடுத்த பேஷண்டின் மாமியார்கூடச் சிரித்தாள். திட்டி முடித்த பிறகு டாக்டர் அம்மா எங்களுக்கு விளக்கினார். எனக்கு அதுவரை என் உடம்பைப் பற்றி யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. கர்ப்பப்பையின் உள்பூச்சில் ரிசெப்டர் என்று இருக்கின்றனவாம், தமிழில் ஏற்பிகள் என்று பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். அவற்றைக் கல்யாணப் பந்தல் நாற்காலி என்று வைத்துக்கொள் என்றார். ஹார்மோன் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் போதாது, வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். இரண்டு பேர் வர வேண்டும். முதலில் வருகிறவள் ஈஸ்ட்ரோஜன். உள்பூச்சை வளர்ப்பது அவள் வேலை. வளர்க்கிறபோதே இரண்டாவது ஆளுக்கான நாற்காலிகளையும் அவளே போட்டு வைப்பாள். கருமுட்டை வெளியே வந்த பிறகு இரண்டாவது ஆள் புரோஜெஸ்டிரோன் வந்து உட்கார்ந்து, வளர்ந்தது போதும் என்று சொல்லி, முதலாமவளின் நாற்காலிகளை மடித்துவைக்கும். நிற்கப்போகிற வயதில் முட்டை மாதாமாதம் வருவதில்லை. அதனால் இரண்டாவது ஆளும் வருவதில்லை. முதலாமவள் மட்டும் தனியாக ஆட்டம் போடுகிறாள். உள்பூச்சு வளர்ந்துகொண்டே போய், தாங்காமல் கண்டபடி உதிர்கிறது.

"உன் புரட்டாசி மாத்திரை இருக்கே, அது ரெண்டாவது ஆள் மாதிரியே வேஷம் போட்டுக்கினு வந்து அந்த நாற்காலியில உக்கார்ற மருந்து" என்றார். "உன் உள்பூச்சு நம்பிடுச்சு. கர்ப்பம்தான்னு நெனைச்சு ரெடியாயிடுச்சு. அதான் எங்களையும் ஏமாத்திடுச்சு."

அதில் ஒரு நல்லதும் இருந்தது, ஒரு கெட்டதும் இருந்தது. நல்லது, என் நாற்காலிகள் ஒழுங்காக இருக்கின்றன, மருந்து சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அப்படியிருந்தால் பெரும்பாலும் அறுக்கத் தேவையில்லை, மாத்திரையிலேயே சரிசெய்யலாம். கெட்டது, மாத்திரையின் வேஷத்துக்குப் பின்னால் கெட்ட அணுக்கள் ஏதாவது ஒளிந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும். அதுவரை எந்தச் சாமிக்காகவும் எதையும் விழுங்கக் கூடாது.

அந்தச் சில வாரங்கள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் அணை உடைந்த மாதிரி போனது. மலை ஏறுவதற்கு நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். மச்சாண்டார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு தானே மஞ்சள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார். படிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதற்குள் செய்தி கடல் தாண்டிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. வெள்ளியைத் தவிர மற்ற நாளில் அவர் கூப்பிட்டதே இல்லை.

"இன்னா, கர்ப்பம்னு சொன்னாங்களாமே?" குரல் ஒரு மாதிரி இருந்தது. பின்னால் இருந்த ஐந்து பேரும் மூச்சுகூட விடவில்லை.

"ஆமா. உங்க வூட்டுப் பெருமாளு உபயம்" என்றேன். பிறகு கூண்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, வேஷம், சுரண்டல், ஒன்றையும் விடவில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு எனக்கென்ன வெட்கம்?

அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப அறுக்க வாணாமா?"

"ரெண்டாவது டெஸ்ட் வரணும். எனுக்கு அறுக்க இஷ்டம் இல்ல."

"ரூம்ல எல்லாரும்..."

"ரூம்ல கீறவங்கள அவங்க அவங்களுத எடுத்துக்கச் சொல்லுங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். "உன் இஷ்டம்" என்றார். கல்யாணமாகி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

இரண்டாவது முடிவு வந்த நாளில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்பூச்சு தடித்திருக்கிறது, கெட்டது ஒன்றும் இல்லை என்றார் டாக்டர் அம்மா. அதே மாத்திரையைத்தான் எழுதிக்கொடுத்தார். ஆனால் இனிமேல் பஞ்சாங்கம் பார்த்து இல்லை, அவர் சொல்கிற நாளில் தொடங்கி அவர் சொல்கிற நாளில் நிறுத்த வேண்டும். அந்த நாள் தளிகையாக இருந்தாலும் சரி, ஜாத்திரையாக இருந்தாலும் சரி. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன்.

எழுந்திருக்கும்போது அக்கா எழுந்திருக்கவில்லை.

"எனுக்கும் இதே மாரிதாம்மா இருந்திச்சி" என்றாள் டாக்டரிடம். "முப்பத்தெட்டு வயசுல. நானும் அந்த மாத்திரை துன்னவதான்."

"எடுக்கறதுக்கு முன்னாடி சுரண்டிப் பார்த்தாங்களா?"

"இல்லம்மா. காலைல போனேன், சாயங்காலம் எடுத்துட்டாங்க."

"எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினாங்களா?"

"எங்க வூட்டுக்காரரு கிட்ட ஒரு பேசின்ல வெச்சி காட்டினாங்க. அவுரு சரின்னாரு."

டாக்டர் அம்மா யாரையும் திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்தது எனக்கு என்னவோ போல இருந்தது. அக்காவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், எலும்புக்கு மருந்து எழுதிக் கொடுத்தார், தினம் பால் குடிக்கச் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அக்காவுக்குக் கொடுத்தேன். புத்தூரில் பாதிக் கூட்டம் இறங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"எனுக்கும் அந்த மாத்திரை கேட்டிருக்குமாடி?"

"தெரியலக்கா."

உண்மையில் தெரியாது. அவளுடைய நாற்காலிகள் எப்படி இருந்தன, எத்தனை இருந்தன, சொன்ன பேச்சைக் கேட்டிருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

"கேட்டிருக்காதுன்னு சொல்லேன்" என்றாள்.

ஊரில் யாரிடமும் வாய்ப்பேச்சில் தோற்காதவள் நான். குவைத்துக்கே பதில் சொன்னவள். இவளிடம் இவள் கேட்டதையே சொன்னேன்.

"கேட்டிருக்காதுக்கா. உனுது வேற மாரி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வயிற்றுக்குள் என்னுடையது பத்திரமாக இருந்தது, அவள் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.